செக் டபுள்ஸ் ஆட்டக்காரரின் பிழைப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

கார்த்தி: செக் நாடு என்றால் டென்னிஸ், ஐஸ் ஹாக்கி. பேட்மிண்டன்கூட ஆடுகிறார்களா?

ஆடுகிறார்கள், ஆனால் ஒலிம்பிக் பதக்கம் இன்னும் இல்லை. அங்கே தெருவில் போகிறவருக்கும் தெரிந்த பேட்மிண்டன் பெயர் பீட்டர் கௌக்கல்தான், அவர் சிங்கிள்ஸ்காரர். 2010-இல் விதைப்பைப் புற்றுநோய் வந்து, குணமாகி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நாட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அப்புறம் ஆண்களைப் பரிசோதனைக்கு இழுக்க ஒரு பிரசாரம் ஆரம்பித்து அதற்கு வைத்த பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: தமிழில் ‘ஆம்பிளைகளுக்கு எஃப்.சி.’ என்று சொல்லலாம், வண்டிக்கு எடுப்போமே அதே எஃப்.சி.

டபுள்ஸில் ஒன்ட்ரெய் க்ரால், ஆடம் மென்ட்ரெக் ஜோடியைப் பாருங்கள், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடியவர்கள். (க்ரால் என்றால் செக் மொழியில் ராஜா. சும்மா சொன்னேன்.)

சுபா: பாரிஸில் குரூப் ஆட்டத்தோடு வெளியே வந்தவர்கள்தானே, அதில் என்ன பெரிய சாதனை?

உள்ளே போனதுதான் சாதனை. ஆண்கள் டபுள்ஸுக்கு விதிப்படி உலகம் முழுக்க 16 ஜோடிகளுக்குத்தான் இடம். ஒரு நாட்டுக்கு இரண்டு ஜோடி வேண்டுமென்றால் இரண்டுமே முதல் எட்டு ரேங்கில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுதான், அதனால்தான் பட்டியலில் கீழே இருக்கிற சின்ன நாட்டு ஜோடிக்கும் கதவு கொஞ்சம் திறக்கிறது. ஆனால் அந்தக் கதவுக்கு 2023 மே 1 முதல் 2024 ஏப்ரல் 28 வரை ஒரு வருஷம் முழுக்கப் பாயின்ட் பொறுக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் இரண்டு பேர் கனவும் காலி.

ராஜேஷ்: பார்ட்னர் சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாமே?

மாற்றலாம், ஆனால் ரேங்க் ஜோடிக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. 52 வாரத்தில் ஆடிய போட்டிகளில் சிறந்த பத்தைக் கூட்டித்தான் ரேங்க் போடுவார்கள். புது ஆளோடு சேர்ந்தால் அந்தக் கணக்கைக் கிட்டத்தட்ட முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். பெரிய நாட்டில் பயிற்சியாளர் ஜோடிகளைக் கலைத்துப் போட்டுப் பார்ப்பார், அவரிடம் ஆள் இருக்கிறது. சின்ன நாட்டில் உன் மட்டத்துக்கு ஆடுகிறவன் இரண்டோ மூன்றோ பேர், அதில் ஒருவனோடு உனக்குப் பேச்சுவார்த்தையே இருக்காது. கல்யாணம் மாதிரிதான், விவாகரத்து செலவு அதிகம்.

நந்தினி: வருமானம் எப்படி?

இதைக் கேட்டால் வயிறு எரியும். 2023-இல் சூப்பர் 300 என்ற நடுத்தர நிலை சர்வதேசப் போட்டியின் மொத்தப் பரிசு குறைந்தது 2,10,000 டாலர். சிங்கிள்ஸ் ஜெயிப்பவருக்கு அதில் 7.5 சதவீதம், அதாவது 15,750. டபுள்ஸ் ஜெயிக்கும் ஜோடிக்கு 7.9 சதவீதம், 16,590. பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 8,295. அதே கோர்ட், அதே வியர்வை! அதுவும் கோப்பையைத் தூக்கினால்தான். அதற்கும் கீழே இன்டர்நேஷனல் சேலஞ்ச், இன்டர்நேஷனல் சீரிஸ் என்று இருக்கின்றன, செக் ஜோடிகள் வளர்வது அங்கேதான், காலியான ஹாலில், அடுத்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஓரமாக ஷூ கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே விமான டிக்கெட்டுக்கே பரிசு போதாது. ஐரோப்பாவில் நிறைய பேர் ஜெர்மனி, பிரான்ஸ், டென்மார்க் கிளப் லீக்குகளில் ஆடித்தான் சமாளிக்கிறார்கள்.

செல்வம்: ஐரோப்பாக்காரர்கள் நெட்டையானவர்கள், டபுள்ஸில் அது லாபம்தானே?

ஸ்மாஷுக்கு லாபம், சர்வீஸுக்கு நஷ்டம். 2018-இல் வந்த விதிப்படி, அடிக்கும் நொடியில் முழு ஷட்டிலும் தரையில் இருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். முன்பு கடைசி விலா எலும்புக்குக் கீழே என்று இருந்தபோது நெட்டையனுக்கு உயரம் தானாகக் கிடைத்தது. இப்போது ஆறடி நாலு அங்குல ஆளும் ஐந்தடி ஐந்து அங்குல ஆளும் ஒரே கோட்டுக்குக் கீழேதான், நெட்டையன் குனிந்து நெளிந்து போட வேண்டியிருக்கிறது.

மாலதி: என் பையனுக்கு 13 வயது, டபுள்ஸ் மட்டும் போதும் என்கிறான். விடலாமா?

இப்போதே வேண்டாம் என்பேன். கால் ஓட்டம் சிங்கிள்ஸில்தான் வளரும், அதையும் ஆடட்டும். சாயங்காலம் ஒரு அரைமணி நேரம் சர்வீஸுக்கு ஒதுக்குங்கள். வீட்டுச் சுவரில் 1.15 மீட்டர் அளந்து ஒரு டேப் ஒட்டி, அதன் பக்கத்தில் நின்று போடச் சொல்லுங்கள். முதல் வாரம் பாதி சர்வீஸ் டேப்புக்கு மேலேதான் இருக்கும், திட்டாதீர்கள்.