எக்ஸைட்டான் பரவல் நீளம் 25 நானோமீட்டர் என்று அறிக்கை வந்தால் நம்பலாமா?

கேள்வி: பாலிமர் படலத்தின் மேல் ஃபுல்லரீன் (எக்ஸைட்டானை அணைக்கும் கார்பன் பந்து மூலக்கூறு) பூசி, ஒளிர்வு எவ்வளவு குறைகிறது என்று அளக்கக் கொடுத்தோம். கட்டணம் வாங்கிக்கொண்டு அளந்து தரும் ஆய்வகம், பரவல் நீளம் 25 நானோமீட்டர் என்று ஒரே பக்க அறிக்கை அனுப்பியது. ஆய்வுக் கட்டுரையில் சேர்க்கலாமா?

பதில்: இப்போதைக்குச் சேர்க்காதீர்கள்.

ஒளி பட்டதும் பாலிமரில் பிறக்கும் எக்ஸைட்டான் (ஒன்றோடொன்று பிணைந்த எலக்ட்ரானும் அது விட்டுவந்த வெற்றிடமும்), இடம்விட்டு இடம் தாவி, பெரும்பாலும் சில நூறு பிகோசெகண்டுக்குள் அணைந்துவிடும். அதற்குள் அது சராசரியாகக் கடக்கும் தூரமே பரவல் நீளம். அணையுமுன் ஃபுல்லரீனை எட்டினால் ஒளிர்வு குறையும்; அந்தக் குறைவிலிருந்துதான் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். இந்தக் கணக்கு முழுக்க, இரண்டு அடுக்குக்கும் நடுவே எல்லை கூர்மையாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஆனால் ஃபுல்லரீன் மென்மையான பாலிமருக்குள் ஊறி இறங்கக்கூடியது. சூடாக்கினால் கேட்கவே வேண்டாம். எக்ஸைட்டான் அங்கே போனதா, ஃபுல்லரீன் இங்கே வந்ததா என்று ஒளிர்வைப் பார்த்துச் சொல்ல முடியாது. சாதாரணப் படலங்களில் 5 முதல் 10 நானோமீட்டர்தான் வழக்கம். 25 என்றால் முதல் சந்தேகம் இந்தக் கலப்பின் மேல்தான்.

"2018-இல் 200 நானோமீட்டருக்கு மேல் காட்டினார்களே" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது பாலிஃபுளோரீன் சங்கிலிகளை ஒழுங்காகப் படிகமாக்கி வளர்த்த நானோ இழை. அதன் உள்ளே தாவும் இடங்களின் ஆற்றல் ஏறக்குறைய ஒரே மட்டம். சுழற்றிப் பூசிய படலத்தில் அந்த ஆற்றல் மேடும் பள்ளமுமாக இருக்கும், எக்ஸைட்டான் பள்ளத்தில் விழுந்து அங்கேயே தங்கிவிடும். அந்த எண்ணைக் காட்டி இந்த எண்ணை நியாயப்படுத்தக் கூடாது.

அப்புறம், எந்தச் சூத்திரம் என்று அறிக்கையில் இருக்கிறதா? பரவல் குணகம் (எக்ஸைட்டான் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதன் அளவு) நொடிக்கு 0.001 சதுர சென்டிமீட்டர், ஆயுட்காலம் 400 பிகோசெகண்ட் என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 6.3 நானோமீட்டர். முப்பரிமாணத்துக்கான 6-ஐயும் உள்ளே சேர்த்தால் 15.5. ஒரே அளவீடு, இரண்டு விடை! பெரிய எண்ணைத் தந்து வாடிக்கையாளரை மகிழ்விக்கும் ஆய்வகங்கள் இதைச் சொல்லவே சொல்லாது. ஆய்விதழ்களும் அட்டவணையில் ஓர் எண் இருந்தால் போதும் என்று விட்டுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே மூலத் தரவைக் கேட்டு வாங்குங்கள்: ஒளிர்வு தேயும் வளைவுகள், படலத் தடிமன், லேசரின் திறன். திறனைப் பாதியாக்கினால் ஒளிர்வு மெதுவாகத் தேய்கிறது என்றால், எக்ஸைட்டான்கள் ஒன்றையொன்று மோதி அழித்திருக்கின்றன. அந்த வளைவு உதவாது. தர மறுத்தால் வேறிடம் பாருங்கள். அங்கே, ஃபுல்லரீனை மேலே பூசாமல் சிறிதளவு பாலிமரிலேயே கரைத்து, பல செறிவுகளில் ஆயுட்காலத்தை அளந்து தரச் சொல்லுங்கள். எல்லை கூர்மையா என்ற சிக்கலே அதில் வராது.