யோஸ்டிலிருந்து ரேங்க் மேத்துக்கு மாறலாமா? மாறினால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி: ஆறு வருடமாக வேர்ட்பிரஸில் தமிழ் சமையல் தளம் ஒன்று நடத்துகிறேன். 400 பதிவுகளுக்கு மேல் இருக்கின்றன. கூகுள் தேடலில் பதிவுகள் நன்றாகத் தெரிய உதவும் எஸ்இஓ பிளகினாக ஆரம்பத்திலிருந்தே யோஸ்ட் இலவசப் பதிப்புதான் வைத்திருக்கிறேன். அதே வேலையைச் செய்யும் ரேங்க் மேத்துக்கு மாறிய தோழி ஒருத்தி, தன் பதிவுகளுக்கு 80, 90 என்று மதிப்பெண் வருகிறது, நீயும் மாறிவிடு என்கிறாள். எனக்குப் பாதிப் பதிவுகளில் யோஸ்ட் காட்டுவது சிவப்புப் புள்ளிதான். மாறலாமா? மாறினால் இப்போது கூகுளிலிருந்து வருகிற கூட்டமும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மதிப்பெண்ணுக்காக என்றால் மாறவே வேண்டாம். வேறு காரணம் இருந்தால் தாராளமாக மாறலாம், ஒழுங்காகச் செய்தால் வருகிற கூட்டம் எங்கேயும் போகாது.

முதலில் இந்த பிளகின் உங்கள் தளத்தில் என்ன வேலை செய்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஏதாவது ஒரு பதிவைக் கணினியில் திறந்து கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் மூலநிரல் வரும். அதில் யோஸ்ட் என்று தேடினால், இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று யோஸ்ட் தானே எழுதி வைத்த இரண்டு குறிப்புகள் கிடைக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம்தான்: தேடலில் தலைப்புக்குக் கீழே காட்டுவதற்கான சுருக்கமாகிய மெட்டா டிஸ்கிரிப்ஷன், இந்தப் பக்கத்தின் அசல் முகவரி இதுதான் என்று சொல்லும் கேனானிக்கல், ஃபேஸ்புக்கிலும் வாட்ஸப்பிலும் பகிரும்போது வரும் படமும் தலைப்பும், அப்புறம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கூகுளுக்குப் புரியும் வடிவில் சொல்லும் நீளமான ஒரு ஸ்கீமா துண்டு. பக்கத்தின் தலைப்பையும், தேடலில் சேர்க்கலாமா வேண்டாமா என்ற ரோபோட்ஸ் வரியையும் அதுதான் அமைக்கிறது, ரோபோட்ஸ் வரி அந்தக் குறிப்புகளுக்குச் சற்று மேலே இருக்கும். இதோடு, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பையும் சேர்த்துக்கொண்டால், உங்கள் பிளகின் கூகுளிடம் சொல்வது கிட்டத்தட்ட இவ்வளவுதான். சிவப்புப் புள்ளியும் 90 மதிப்பெண்ணும் அதில் எங்குமே இல்லை. நீங்கள் நிரப்புகிற முதன்மைச் சொல் கட்டமும் அப்படித்தான், அது எழுதுகிறவருக்கான குறிப்பு, பக்கத்துக்குள் போவதே இல்லை. யோஸ்ட் இலவசப் பதிப்பில் ஒரு சொல், ரேங்க் மேத்தில் ஐந்து சொல் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கீவேர்ட்ஸ் என்ற பழைய மெட்டா வரியையும் தான் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் புள்ளிகள் இன்னும் குறைவாகத்தான் உதவும். யோஸ்டின் வாசிப்பு எளிமைச் சோதனை முழுமையாக வேலை செய்யும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. முதன்மைச் சொல்லை எண்ணும்போது எழுதியபடியே அந்தச் சொல் வருகிறதா என்றுதான் பார்க்கிறது. நீங்கள் வத்தக்குழம்பு என்று கொடுத்துவிட்டு, பதிவில் வத்தக்குழம்பை, வத்தக்குழம்பில் என்று இயல்பாக எழுதியிருப்பீர்கள். 'குழம்பை' என்பதும் 'குழம்பு' என்பதும் ஒன்றுதான் என்று அதற்குத் தெரியாது, குறைவாக இருக்கிறது என்று சிவப்புக் காட்டும். அதைப் பச்சையாக்க வரிக்கு வரி 'வத்தக்குழம்பு' என்று வேற்றுமை உருபு இல்லாமல் திணித்தால் படிக்கிறவர் பாதியிலேயே போய்விடுவார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிஸ்கிரிப்ஷன் நீளத்தை எண்ணுவதிலும் இதே சிக்கல் உண்டு: 'கொ' என்ற ஓரெழுத்து அங்கே இரண்டாகக் கணக்காகும், அதனால் எல்லையைத் தாண்டிவிட்டது என்று சொன்னாலும் பதறாமல், முக்கியமான விஷயம் முதல் வரியில் வந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். நீங்கள் என்ன எழுதினாலும் கூகுள் பல நேரம் பதிவிலிருந்தே வேறு வரியை எடுத்துக் காட்டும் என்பது வேறு விஷயம்.

சரி, எது மாறுவதற்கான நியாயமான காரணம்? தேவையான ஒரு வசதி இப்போதைய பிளகினில் காசு கொடுத்தால்தான் கிடைக்கும், இன்னொன்றில் இலவசம் என்பது ஒரு காரணம். பழைய முகவரியைப் புதிய முகவரிக்குத் திருப்பும் ரீடைரக்ட் வசதி யோஸ்டிலும் ஆல் இன் ஒன் எஸ்இஓ என்ற இன்னொரு பிளகினிலும் கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது, ரேங்க் மேத்தில் இலவசமாகவே வருகிறது. ஆனால் அது ஒன்றுதான் தேவை என்றால் மாறாதீர்கள். 'ரீடைரக்ஷன்' என்ற பெயரிலேயே இலவசமாகத் தனி பிளகின் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ரீடைரக்டுகளை எஸ்இஓ பிளகினுக்குள் வைக்காமல் தனியாக வைப்பதுதான் எப்போதும் நல்லது என்பேன், நாளைக்கு எந்த பிளகினுக்கு மாறினாலும் அவை அப்படியே இருக்கும்.

அட்மின் பக்கம் முழுக்க விளம்பரமும் 'அப்கிரேடு செய்' பொத்தானும் எரிச்சலூட்டுகிறது என்றால் அதுவும் நியாயமான காரணம்தான். அப்படிப்பட்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது தி எஸ்இஓ ஃப்ரேம்வொர்க். அமைதியாக, அலட்டல் இல்லாமல் வேலையை முடிக்கும். எஸ்இஓபிரஸும் மோசமில்லை. எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும், அமைப்புகளைத் திறந்து பார்க்கப் பயமில்லை என்கிறவர்களுக்கு ரேங்க் மேத் ஏற்றது. ஆனால் அதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று மாட்யூல்களை அணைத்து வைக்கத் தெரிய வேண்டும். கிடைக்காத பக்கங்களைக் குறித்து வைக்கும் 404 பதிவேடு, அனலிட்டிக்ஸ் போன்றவை உங்கள் டேட்டாபேஸிலேயே தகவலைச் சேர்த்து வைப்பவை, சிறிய ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருக்கிறவர்கள் அவற்றை அணைத்துவிடுவது மேல். கேள்வி பதில் ஸ்கீமா இருக்கிறது என்று யாராவது அதைப் பெரிய ஆதாயமாகச் சொன்னால் பொருட்படுத்த வேண்டாம், தேடலில் கேள்வி பதில்கள் விரிந்து தெரிகிற தோற்றத்தை 2023 ஆகஸ்டில் அரசு மற்றும் நம்பகமான மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது.

உங்களுக்கு என் தீர்ப்பு: யோஸ்டிலேயே இருங்கள். ஆறு வருடமாக நின்று வேலை செய்கிற ஒன்றை எடுப்பதற்கு நீங்கள் எழுதியதில் எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. இல்லை, மாறித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்திருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

இரண்டு எஸ்இஓ பிளகின்களை ஒரே நேரத்தில் ஓட விடக்கூடாது. டிஸ்கிரிப்ஷன் இரண்டு, கேனானிக்கல் இரண்டு, ஸ்கீமா இரண்டு என்று வரும். ஒன்று 'சேர்க்கலாம்' என்றும் இன்னொன்று 'சேர்க்காதே' என்றும் சொன்னால் கூகுள் 'சேர்க்காதே' என்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் பழையதை அவசரப்பட்டு அழித்துவிடவும் கூடாது. டீஆக்டிவேட் செய்தால் போதும், நீங்கள் எழுதிய தலைப்புகளும் டிஸ்கிரிப்ஷன்களும் டேட்டாபேஸில் அப்படியே இருக்கும். அழிப்பது என்பது வேறு. அழிக்கும்போது தன் தகவலையும் சேர்த்துத் துடைத்துவிடும்படி அமைத்துவைக்கிற வசதி சில பிளகின்களில் உண்டு.

முதல் வேலை பேக்கப். கோப்புகளும் டேட்டாபேஸும் இரண்டும் வேண்டும், அதில் ஒரு பிரதி உங்கள் கையிலும் இருக்க வேண்டும். ஹோஸ்டிங்கில் ஸ்டேஜிங் வசதி, அதாவது தளத்தின் சோதனைப் பிரதி வைக்கும் வசதி, இருந்தால் முதலில் அங்கே செய்து பாருங்கள். அடுத்து, தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலுக்குப் போய், அதிகம் கிளிக் வருகிற இருபது முப்பது பக்கங்களின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றின் மூலநிரலையும் திறந்து, முன்னே சொன்ன அந்த இரண்டு குறிப்புகளுக்கு நடுவில் இருப்பதை, தலைப்போடும் ரோபோட்ஸ் வரியோடும் சேர்த்து, ஒரு கோப்பில் ஒட்டி வையுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் மாறிய பிறகு எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பிறகு யோஸ்டின் அமைப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இதில் மூன்று இடங்களை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். முதலாவது, பகுப்புகளின் முகவரியில் வரும் 'கேட்டகரி' என்ற முன்னொட்டை நீக்கும் அமைப்பு. யோஸ்டில் அதை நீக்கி வைத்திருந்து, புதிய பிளகினில் அந்த அமைப்பைப் போட மறந்தால், உங்கள் குழம்பு வகைகள், பொரியல் வகைகள் எல்லாவற்றின் முகவரியும் ஒரே நொடியில் மாறிவிடும், பழைய இணைப்புகள் உடையும். மாறிய பிறகு கூட்டம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் போய்ப் பார்க்கிற இடம் இதுதான். இரண்டாவது, ஒவ்வொரு படத்துக்கும் வேர்ட்பிரஸ் தானே உருவாக்கும் அட்டாச்மென்ட் பக்கங்கள். இவற்றைப் படத்துக்கே திருப்பிவிடும் அமைப்பு இருக்கும், அது போய்விட்டால் ஒரு படமும் இரண்டு வரியும் மட்டும் உள்ள வெற்றுப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் முளைக்கும். 2018 மார்ச்சில் வந்த யோஸ்ட் 7.0 பதிப்பில் ஒரு பிழையால் பல தளங்களில் இந்த அமைப்பு மாறிப்போய், யோஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கியவரே பொதுவில் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. 2023 நவம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 6.4-லிருந்து புதிதாகத் தொடங்கும் தளங்களுக்கு இந்தப் பக்கங்களே கிடையாது, ஆனால் உங்களுடையது ஆறு வருடப் பழைய தளம், அதனால் பார்த்தே ஆக வேண்டும். மூன்றாவது, குறிச்சொல் பக்கம், எழுத்தாளர் பக்கம், தேதிப் பக்கம் ஆகியவற்றில் எதை நோஇண்டெக்ஸ், அதாவது தேடலில் சேர்க்காதே என்று, செய்திருக்கிறீர்கள் என்பது. சர்ச் கன்சோல் உரிமையை உறுதிசெய்யும் குறியீட்டை யோஸ்டில் போட்டிருந்தால் அதையும் குறித்துக்கொண்டு புதியதில் போட்டுவிடுங்கள்.

இப்போது ரேங்க் மேத்தை நிறுவினால், அதன் தொடக்க அமைப்பிலேயே யோஸ்டிலிருந்து கொண்டுவரட்டுமா என்று கேட்கும். அமைப்புகள், பதிவுகளின் தகவல், பகுப்புகளின் தகவல் எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். இறக்குமதி முடிந்ததும் பிளகின் பட்டியலுக்குப் போய் யோஸ்ட் டீஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நீங்களே செய்யுங்கள். பக்கங்களின் பிரதியைச் சேமித்து வைக்கும் கேச் பிளகின் இருந்தால் அதைக் காலி செய்யுங்கள், கிளவுட்ஃப்ளேர் மாதிரி ஏதாவது இருந்தால் அங்கேயும். இதைச் செய்யாமல் பழைய பக்கத்தையே பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நிம்மதியாகிவிடுகிறவர்கள் நிறைய.

இனி அந்தக் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக ஒப்பிட வேண்டும். தலைப்பு எழுத்துக்கு எழுத்து அதேதானா என்று பாருங்கள். தலைப்பு வார்ப்புருவை யோஸ்ட் இரட்டை சதவீதக் குறிகளுக்குள் எழுதும், ரேங்க் மேத் ஒற்றைச் சதவீதக் குறிக்குள், ஆல் இன் ஒன் எஸ்இஓ ஹேஷ் குறி போட்டு எழுதும். இறக்குமதி சரியாக நடக்காத பதிவுகளில் இந்தக் குறிகள் அப்படியே தலைப்பில் நின்றுவிடலாம். கேனானிக்கல் மாறாமல் இருக்க வேண்டும், நோஇண்டெக்ஸ் புதிதாக எங்கேயும் நுழைந்திருக்கக் கூடாது. பதிவு எந்தப் பகுப்புக்குள் இருக்கிறது என்று மேலே காட்டும் பிரட்கிரம்ப் வரியை யோஸ்டின் ஷார்ட்கோடு மூலம் போட்டிருந்தால் அது இப்போதும் சரியாக வருகிறதா என்று பாருங்கள். சதுர அடைப்புக்குள் வெறும் குறியீடு தெரிந்தால் மாற்றுங்கள். யோஸ்டின் கேள்வி பதில் பிளாக் பயன்படுத்திய பதிவுகளையும் எடிட்டரில் திறந்து பாருங்கள்.

சமையல் தளம் என்பதால் உங்களுக்கு மட்டும் இன்னொன்று. தேவையான பொருட்கள், நேரம், எத்தனை பேருக்கு என்று காட்டும் ரெசிபி கார்டு பிளகின் ஏதாவது வைத்திருப்பீர்கள். ரெசிபி ஸ்கீமாவை அதுவே எழுதுகிறது. ரேங்க் மேத்திலும் ரெசிபி ஸ்கீமா உண்டு. அதையும் சேர்த்துப் போட்டால் ஒரே பதிவுக்கு இரண்டு ரெசிபி, இரண்டு சமையல் நேரம் என்று கூகுளுக்குப் போகும். கார்டு பிளகினிடமே விட்டுவிட்டு, ரேங்க் மேத்தில் பதிவுகளுக்குச் சாதாரண 'ஆர்ட்டிக்கிள்' வகையை வையுங்கள். கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் சோதனைப் பக்கத்தில் இரண்டு மூன்று பதிவுகளின் முகவரியைப் போட்டால் எத்தனை ரெசிபி தெரிகிறது என்று காட்டிவிடும்.

சைட்மேப் விஷயத்தில் உங்களுக்கு அதிக வேலை இல்லை. யோஸ்டும் ரேங்க் மேத்தும் ஒரே கோப்புப் பெயரைத்தான் பயன்படுத்துகின்றன, திறக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆல் இன் ஒன் எஸ்இஓவுக்கோ தி எஸ்இஓ ஃப்ரேம்வொர்க்குக்கோ போகிறவர்கள்தான் சர்ச் கன்சோலில் புதிய முகவரியைச் சேர்க்க வேண்டும்.

மாறிய பிறகு புதிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, முகவரி நீளம், முகவரியில் முதன்மைச் சொல் இல்லை என்று அது குறை சொல்வதைக் கேட்டு பழைய பதிவுகளின் முகவரிகளை மட்டும் தொடவே தொடாதீர்கள். தமிழில் முகவரி வைத்தால் வேர்ட்பிரஸ் ஒவ்வொரு குறியையும் ஒன்பது எழுத்தாக மாற்றி 200 எழுத்தோடு நிறுத்திவிடுகிறது, அதனால் 'சின்ன வெங்காய வத்தக்குழம்பு செய்வது எப்படி' என்ற பதிவின் முகவரி 'சின்ன-வெங்காய-வத்தக்குழம' என்று பாதியில் அறுந்து நிற்கும். பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால் ஆறு வருடமாக மற்றவர்கள் இணைப்புக் கொடுத்திருப்பதும், கூகுள் தெரிந்து வைத்திருப்பதும் அந்த அறுந்த முகவரியைத்தான். அது அப்படியே இருக்கட்டும். புதிய பதிவுகளுக்குச் சுருக்கமாக நீங்களே முகவரி எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஒன்றிரண்டு மாதம் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமையும் (theme) ஹோஸ்டிங்கையும் மாற்றாமல் இருங்கள், ஏதாவது தவறினால் காரணம் எது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். சர்ச் கன்சோலின் இண்டெக்ஸிங் அறிக்கையில் நோஇண்டெக்ஸ், 404 எண்ணிக்கைகள் திடீரென்று ஏறினால் உடனே காரணம் தேடுங்கள். பெரிதாகத் தவறிவிட்டால் ரேங்க் மேத்தை டீஆக்டிவேட் செய்து யோஸ்டைத் திரும்ப இயக்கினால் பழைய நிலைக்கு வந்துவிடலாம், அதற்குத்தான் அதை அழிக்காமல் வைக்கச் சொன்னேன்.

அந்தச் சிவப்புப் புள்ளிப் பதிவுகளை என்ன செய்வது என்று கேட்டால், மாறினாலும் மாறாவிட்டாலும் பதில் ஒன்றுதான். சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு இருக்கும். அதில் தேடலில் நிறையப் பேருக்குத் தெரிந்தும் குறைவாகவே கிளிக் ஆகிற பதிவுகளை எடுங்கள், எந்தச் சொல்லைத் தேடி அவை தெரிகின்றன என்று பாருங்கள். வெறும் 'வத்தக்குழம்பு' என்ற தலைப்பில் இருக்கும் பதிவு 'சுண்டைக்காய் வத்தக்குழம்பு' என்ற தேடலில்தான் அதிகம் தெரிகிறது என்றால், நீங்கள் செய்திருப்பதும் சுண்டைக்காய் வத்தல் போட்டதுதான் என்றால், தலைப்பிலும் முதல் பத்தியிலும் அதைச் சொல்லிவிடுங்கள், முகவரியை மட்டும் விட்டுவிடுங்கள்.