கொலாஜன் பொடி முதல் குதிகால் ரத்தம் வரை: அமினோ அமிலக் கேள்விகள்

புரதத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக் கடிதங்களோடு ஏதாவது ஒரு புரதப் பொடி டப்பாவின் படமும் வந்திருக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டப்பாக்காரர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் கலந்த பொடியைக் குடிக்கச் சொல்கிறார் என் உடற்பயிற்சியாளர். தசை வளர இந்த மூன்றே போதுமாம். உண்மையா, அம்மா?

பாதி உண்மை. விற்பதற்குப் பாதி போதும். லூசினுக்குத் தசைச் செல்லைத் தட்டி எழுப்பி, புரதம் கட்டும் வேலையைத் தொடங்கிவைக்கும் ஆற்றல் உண்டு. ஆனால் கட்டி முடிக்க இருபது வகை அமினோ அமிலங்களும் வேண்டும். அவற்றில் ஒன்பதை நம் உடலால் செய்துகொள்ள முடியாது. உணவில்தான் வர வேண்டும். அந்த ஒன்பதில் மூன்றை மட்டும் கொட்டினால் மற்ற ஆறுக்கு உடல் எங்கே போகும்? இருக்கிற தசையை உடைத்துத்தான் எடுக்கும். அச்சுக் கோக்கும்போது 'க' தீர்ந்துவிட்டால் 'ப' மூட்டை மூட்டையாக இருந்து என்ன பயன்?

மிஞ்சியதைச் சேர்த்துவைக்க உடலில் கிடங்கும் கிடையாது. கல்லீரல் அதிலுள்ள நைட்ரஜனைக் கழற்றி யூரியாவாக்கிச் சிறுநீரோடு அனுப்பிவிடும். எஞ்சியதை எரிக்கும், அல்லது சர்க்கரையாகவோ கொழுப்பாகவோ மாற்றும். ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை தூக்குகிறவருக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். அந்தக் கொஞ்சத்தையும் ஒன்பதும் அடங்கிய முழுப் புரதமாகவே சாப்பிடுங்கள். அதற்குள் உங்கள் பயிற்சியாளர் சொல்லும் மூன்றும் இருக்கின்றன.

கேள்வி: கொலாஜன் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்கிறேன். ஒரு கரண்டியில் 10 கிராம் புரதம் என்று டப்பாவில் அச்சிட்டிருக்கிறார்கள். காலை உணவுக்குப் பதில் இதையே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதே யோசனை இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரிஸில் சிலருக்கு உதித்தது. கசாப்புக் கடையில் எறியும் எலும்பை வேகவைத்தால் ஜெலட்டின் கிடைக்கும். எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் வெந்து கரைந்ததுதான் ஜெலட்டின். அதில் நைட்ரஜன் இருக்கிறது; நைட்ரஜன் இருந்தால் இறைச்சிக்குச் சமம் என்று கணக்குப் போட்டு, ஏழைகளுக்கும் மருத்துவமனை நோயாளிகளுக்கும் அதைச் சூப்பாகக் காய்ச்சி ஊற்றினார்கள். குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். பிரெஞ்சு அறிவியல் அகாதமி ஒரு குழுவை அமைத்தது. அதற்குத் தலைவர் உடலியல் அறிஞர் மஜான்டி. நாய்களுக்கு ஜெலட்டினை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவை மெலிந்தன, சில நாட்களில் தொடவே மறுத்தன. ஜெலட்டின் மட்டும் உயிரைக் காக்காது என்று 1841-இல் குழு அறிக்கை கொடுத்தது. நாய்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

காரணம் பிடிபட இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. 1901-இல் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். உடலால் செய்துகொள்ள முடியாத அந்த ஒன்பதில் அதுவும் ஒன்று. கொலாஜனில் அது துளிகூடக் கிடையாது. கொலாஜன் சங்கிலியில் மூன்றில் ஒரு கண்ணி கிளைசின். அதை உடல் தானே செய்துகொள்ளும். ஆக, டப்பாவில் போட்டிருக்கும் 10 கிராம் பொய்யல்ல. ஆனால் எது இல்லை என்பதை டப்பா சொல்லாது. தோல் மினுமினுக்கும் என்று நம்பிக் குடித்தால் நான் குறுக்கே வரமாட்டேன். உணவுக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்பதும் கிடைக்குமா?

தாராளமாக. தானியத்தில் லைசின் குறைவு, பயறு வகைகளில் மெத்தியோனின் குறைவு. ஒன்றில் குறைவதை மற்றது கொடுக்கும். ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்பது பழைய கெடுபிடி. அன்றைய நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

கேள்வி: பள்ளியில் படிக்கிறேன். அமினோ அமிலத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா?

தூளாகப் பார்த்தால் வெள்ளைதான் தம்பி, சுவாரசியம் இராது. நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளைத் தெளித்துப் பார்க்க வேண்டும். வடிதாளின் அடியில் ஒரு சொட்டு வைத்து, கரைப்பானை மேலேற விட்டு, உலர்த்தி, நின்ஹைட்ரின் தெளித்துச் சூடேற்றினால் வெறுந்தாளில் ஊதாப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். புரோலின் என்ற அமினோ அமிலம் மட்டும் மஞ்சளாக நிற்கும். ஆய்வகத்தில் கையுறை போடாத மாணவர்களை நான் விசாரித்ததே இல்லை. மறுநாள் அவர்கள் விரல் நுனியே சொல்லிவிடும். வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டல்லவா? காகிதத்தில் பதிந்த கைரேகையைக் காவல்துறை கண்டுபிடிப்பதும் இதே மருந்தைக் கொண்டுதான்.

கேள்வி: என் குழந்தை பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். நன்றாக இருக்கிற பிள்ளையை ஏன் குத்த வேண்டும்?

நன்றாக இருக்கும்போதே குத்த வேண்டும் என்பதுதான் விஷயம். 1934-இல் நார்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் இரு பிள்ளைகளை ஃபோலிங் என்ற மருத்துவரிடம் கொண்டுபோனார். பிள்ளைகளின் மேல் வினோத வாடை வீசுகிறது என்று ஏற்கெனவே பலரிடம் சொல்லிப் பார்த்தவர் அவர். ஃபோலிங் அலட்சியப்படுத்தவில்லை. சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்ற வேதிப்பொருளைச் சொட்டினார். எதிர்பார்த்த நிறம் வரவில்லை, கரும்பச்சை வந்தது. லிட்டர் கணக்கில் சிறுநீரைக் கேட்டு வாங்கி, அந்தப் பச்சைக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருவது அது. ஃபினைல்அலனினைப் பக்குவப்படுத்தும் நொதி வேலை செய்யாவிட்டால் ஃபினைல்அலனின் ரத்தத்தில் குவிந்து மூளையைக் கெடுக்கிறது. ஃபினைல்கீட்டோனூரியா என்று அதற்குப் பெயர். அந்த இரு பிள்ளைகளுக்கும் காலம் கடந்துவிட்டது. அந்தத் தாயின் பிடிவாதத்தால் பிழைத்தவை பிறகு பிறந்த குழந்தைகள்.

1950-களில் பிக்கல் என்ற மருத்துவரும் சகாக்களும் ஃபினைல்அலனின் குறைத்த உணவைக் கொடுத்துப் பலன் கண்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் கத்ரி என்ற அமெரிக்க மருத்துவர், வடிதாளில் ஊறிய ஒரு துளி ரத்தத்திலேயே நோயைக் கண்டுபிடிக்க வழி செய்தார். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபினைல்அலனின் அந்த ஒன்பதில் ஒன்று. முழுக்க நிறுத்தினால் குழந்தை வளராது. அதனால் அளந்து அளந்து கொடுக்க வேண்டும், அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு உணவில் அவசியமில்லாத டைரோசின் என்ற அமினோ அமிலம், இந்தக் குழந்தைகளுக்கு உணவில் வந்தே ஆக வேண்டும். அதை ஃபினைல்அலனினிலிருந்து தயாரிக்கும் வழிதானே அடைபட்டிருக்கிறது! ஃபினைல்அலனின் அடங்கிய அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பு கலந்த குளிர்பானப் புட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் ஃபினைல்அலனின் எச்சரிக்கை இவர்களுக்காகத்தான்.

கேள்வி: அப்பாவுக்கு நடுக்குவாதம். லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டோடு போடாதீர்கள் என்கிறார் மருத்துவர். சாப்பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலம்தான். குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக அமினோ அமிலங்களைச் சுமந்துபோகும் சில கடத்திகளை அது நம்பியிருக்கிறது. புரதம் நிறைந்த சாப்பாடு செரிக்கும்போது வரும் லூசினும் ஃபினைல்அலனினும் அதே கடத்திகளுக்குப் போட்டி போடும். மருந்து வெளியே நிற்கும். சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்பு போடுவது, புரதத்தை எந்த வேளைக்கு ஒதுக்குவது என்பதை அப்பாவின் மருத்துவரிடமே கேளுங்கள். மாத்திரை பலன் தராத வேளைகளையும், அதற்குமுன் அவர் என்ன சாப்பிட்டார் என்பதையும் ஒரு வாரம் எழுதிவைத்து எடுத்துப் போங்கள். புரதத்தை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். ஏற்கெனவே இளைத்திருப்பவர் இன்னும் இளைத்துவிடுவார்.