உயர்தர ஸ்டேக் உணவகத்தின் வைன் பட்டியல் நல்லதா என்று எப்படிக் கணிப்பது?

கொழும்பில் ஒரு பெரிய ஸ்டேக் உணவகத்துக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள். கனடாவில் இருந்து வரும் மச்சான் வைன் தெரிவு செய்யும் பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார். பட்டியலை வைத்து எதைக் கண்டுபிடிப்பது என்பதுதானே கேள்வி? நான் திருகோணமலைக்காரன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹொட்டல்களில் பரிமாறும் வேலை பார்த்தவன். கோணேசர் ஊரில் இருந்துகொண்டு மாட்டிறைச்சிக்கு வைன் சொல்கிறாயா என்று அம்மா கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உங்களுக்குச் சொல்லலாம்.

பட்டியலின் தடிப்பையும் சுவரில் மாட்டியிருக்கும் விருதையும் கணக்கில் எடுக்காதீர்கள். ரொபின் கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்கர், மிலான் நகரில் இல்லாத ஒரு உணவகத்துக்குப் பெயர் வைத்து, அதற்கு ஒரு வைன் பட்டியலும் எழுதி, 250 டொலர் கட்டணத்தோடு வைன் ஸ்பெக்டேட்டர் சஞ்சிகைக்கு அனுப்பினார். 2008இல் விருது வந்துவிட்டது. அந்தப் பட்டியலின் விலை கூடிய பகுதியில் அவர் போட்டிருந்தவை பெரும்பாலும் அதே சஞ்சிகை முன்பு குறைந்த புள்ளி கொடுத்த வைன்கள்!

நான் முதலில் பார்ப்பது பட்டியலின் மலிவான பாதியை. பேர்போன பிரெஞ்சு போர்தோ போத்தல்களைக் காசிருக்கும் எவரும் வாங்கி அடுக்கலாம். குறைந்த விலையில் நல்லதைத் தேடிப் பிடிக்க, ருசி பார்த்து வாங்கும் ஆள் ஒருவர் வேண்டும். அந்தப் பாதியில் ஆர்ஜென்டினாவின் மென்டோசா மால்பெக், ஸ்பெயினின் ரியோஹா, தென்னாபிரிக்க ஷிராஸ் என்று இடத்துக்கு இடம் வேறுபாடு தெரிந்தால் யாரோ யோசித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் பெயர், ஊர், திராட்சை பறித்த ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும். 'பிரெஞ்சு சிவப்பு வைன்' என்று மட்டும் எழுதி ஒரு விலை போட்டிருந்தால் பக்கத்தைத் திருப்புங்கள்.

ஸ்டேக் கடை என்பதால் கபர்னே சோவினியோன் என்ற துவர்ப்புக் கூடிய சிவப்பு வைன் வரிசை கட்டி நிற்கும். ரிப் ஐ போன்ற கொழுப்புள்ள துண்டுக்கு அது சரி. அதன் துவர்ப்பு இறைச்சியின் புரதத்தோடும் கொழுப்போடும் சேரும்போது வாயில் மென்மையாகிவிடும். ஃபில்லெட்டில் கொழுப்பு குறைவு, அதே வைன் நாக்கை வரட்டும். அதற்கு மெர்லோ, பினோ நுவார் மாதிரி துவர்ப்புக் குறைந்தவை வேண்டும். இவை இல்லாத பட்டியல் அரைகுறைதான். மிளகு சோஸ் கேட்பவர்களுக்கு இன்னொன்று: அற்ககோல் கூடின வைன் உறைப்பை இன்னும் ஏற்றும். (கடற்கரையில் உறைப்பான மாட்டிறைச்சி டெவலோடு கடும் கபர்னே கேட்டவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.)

கிளாஸ் கணக்கில் விற்பவைதான் கடையின் நேர்மையைக் காட்டும். 750 மில்லிலீற்றர் போத்தலில் 150 மில்லிலீற்றர்ப்படி 5 கிளாஸ் வரும். திறந்த சிவப்பு வைன் பிரிட்ஜில் வைத்தாலும் சில நாள்தான் தாங்கும். மேசைகள் பாதி காலியாகக் கிடக்கிற கடையில் பன்னிரண்டு வகை கிளாஸ் வைன் இருந்தால், "எப்போது திறந்தது தம்பி?" என்று கேளுங்கள். தக்கையை எடுக்காமல் ஊசியால் வைனை எடுத்து, ஆர்கான் வாயுவை உள்ளே விடும் கோரவின் கருவி வைத்திருக்கிறார்களென்றால் அது வேறு கதை.

ஆனால் நம் நாட்டில் எல்லாவற்றையும் விட முக்கியமானது, போத்தல் எங்கே கிடந்தது என்பது. எங்கள் பக்கம் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. மிச்ச மாதங்களில் விற்காத போத்தல்கள் ஸ்டோரில் கிடக்கும், ஆளில்லாத நேரம் ஏசியையும் அணைத்துவிடுவார்கள். 2022 மின்வெட்டுக் காலத்தில் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். சூட்டில் வைன் விரிந்து தக்கையை மேலே தள்ளும், மூடித்தாளுக்கு அடியில் கசிந்த கறை இருக்கும், குடித்தால் காய்ச்சின பழப்பாகு மாதிரி ஒரு சுவை. ஆகவே பட்டியலைக் கொண்டு வருபவரிடம் போத்தல்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். நல்ல கடைக்காரர் சந்தோஷமாகக் காட்டுவார்.

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்குச் சொன்னது. 16 முதல் 18 பாகை வரை இருந்தால் போதும். நம் ஊர் அறை 30ஐத் தாண்டும். ஐஸும் தண்ணீரும் போட்ட வாளியில் பத்து நிமிடம் வைக்கச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். போத்தலைத் திறக்குமுன் லேபலில் உள்ள ஆண்டு பட்டியலில் உள்ளதுதானா என்றும் பாருங்கள். முதலில் கொஞ்சம் ஊற்றித் தருவது பழுதில்லையா என்று பார்க்கத்தான். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் திருப்பி அனுப்பலாம்.

விலைக்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது. ஜேக்கப்ஸ் கிரீக் என்ற அவுஸ்திரேலிய வைன் போல, கடை விலை உங்களுக்குத் தெரிந்த ஒரு போத்தலைப் பட்டியலில் தேடி எத்தனை மடங்கு என்று பாருங்கள். இரண்டரை, மூன்று மடங்கு சாதாரணம். அதற்கு மேலே போனால் மற்றதெல்லாம் அப்படித்தான் இருக்கும். இரண்டாவது மலிவான வைனில்தான் ஏமாற்றுவார்கள் என்று பலர் சொல்வார்கள். லண்டன் உணவகப் பட்டியல்களை வைத்து 2021இல் வந்த ஓர் ஆய்வில் அது பொய்த்துப்போனது, இலாப வீதம் கூடியது பட்டியலின் நடுப்பகுதியில்தான். அப்புறம், 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் விலைக்குள் அடக்கமா, பில்லில் ஏறுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். போயா நாளில் மட்டும் போய்விடாதீர்கள், மதுபானமே தரமாட்டார்கள்.

இவ்வளவும் பார்த்து பட்டியல் தேறவில்லை என்றால் மச்சானுக்கு லயன் ஸ்டவுட் பியர் சொல்லுங்கள். கறுப்பு, 8 வீதத்துக்கு மேல் அற்ககோல், தணலில் வாட்டிய இறைச்சிக்கு நன்றாகவே சேரும், விலையும் வைனுக்குக் கிட்டவும் வராது.