கார்பன் ஃபைபர் கிட்டார்: எதில் செலவு செய்யலாம், எதில் வேண்டாம்?

கேள்வி: கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் இறுதியாண்டு படிக்கிறோம். நான்கு பேர் சேர்ந்து, ப்ராஜெக்டுக்காக ஒரு எலக்ட்ரிக் கிட்டாரை முழுக்க கார்பன் ஃபைபரில் செய்ய ஆசை. கையில் பணம் குறைவு. எதை வாங்குவது, எதில் மிச்சம் பிடிப்பது?

பதில்: நல்ல ப்ராஜெக்ட், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அந்த ‘முழுக்க’ வேண்டாம். நெக்கை, அதாவது விரல் பதிக்கும் கழுத்துப் பகுதியை, ரெடிமேடாக வாங்கிக்கொண்டு, பாடியை மட்டும் நீங்கள் செய்யுங்கள்.

கிட்டாரில் பிழை பொறுக்காத பாகம் நெக்தான். 10-46 என்ற கன அளவுள்ள செட் கம்பிகளைச் சுருதி கூட்டி முறுக்கினால் ஆறும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுக்கும். அந்த இழுவையைத் தாங்கிக்கொண்டு ஃப்ரெட்டுகள் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) இம்மி பிசகாமல் நிற்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே காதுக்குத் தெரிந்துவிடும். முழு காம்போசிட் (இழையும் பிசினும் சேர்ந்த) நெக் முடியாதது இல்லை. நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கிலேயே தலையில்லாத பேஸ் கிட்டாரை அப்படிச் செய்து காட்டினார். ஆனால் அதற்கு நல்ல மோல்டு வேண்டும். முதல் முறை செய்கிறவர்களுக்கு மோல்டு வேலையிலேயே ஒரு செமஸ்டர் ஓடிவிடும். ஃப்ரெட்டும், நெக் வளையாமல் தாங்கும் உள் கம்பியான ட்ரஸ் ராடும் போட்ட போல்ட்-ஆன் (போல்ட்டால் மாட்டும்) மர நெக் ஒன்றை வாங்குங்கள். ஆர்டர் போடும் முன் ஸ்கேல் நீளத்தையும் (கம்பி அதிரும் நீளம்) அடிப்பாக அகலத்தையும் விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 648 மி.மீ. ஸ்கேல் என்றால் நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை) 12ஆவது ஃப்ரெட் 324 மி.மீட்டரில் இருக்க வேண்டும். பார்சல் வந்ததும் முதலில் அளக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது பாடி. கார்பன் துணி கண்ணாடி இழைத் துணியைவிடப் பல மடங்கு விலை. அதன் பெருமை விறைப்புதான்: கண்ணாடி இழையின் விறைப்பு சுமார் 72 கிகாபாஸ்கல், சாதாரண கார்பனுடையது சுமார் 230. ஆனால் நாலரை சென்டிமீட்டர் கனமுள்ள பாடிக்கு அவ்வளவு விறைப்பு தேவைப்படாது. நடுவில் நுரைப் பலகை, அதன் மேல் கண்ணாடி இழை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு அடுக்கு கார்பன் என்று வைத்தால் போதும். பார்வைக்கும் கார்பன் கிட்டார்தான், வைவாவில் ஏன் இப்படிச் செய்தோம் என்று சொல்லவும் காரணம் இருக்கும். 1993இல் வந்த பார்க்கர் ஃப்ளை கிட்டாரிலும் உள்ளே எடை குறைந்த மரம்தான். அதன் மேல்தான் கார்பன், கண்ணாடி இழை, எபாக்சி (இறுகும் பிசின்) சேர்ந்த மெல்லிய தோல்.

உள்ளே வைக்கும் நுரைப் பலகை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மலிவு என்று தெர்மாகோலும் பாலியெஸ்டர் ரெசினும் (இன்னொரு வகைப் பிசின்) சேர்த்து வாங்கிவிடாதீர்கள். அந்த ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். எபாக்சி அப்படிச் செய்யாது. பிரிட்ஜும் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) நெக்கும் உட்காரும் இடங்களில் நுரை உதவாது, ஸ்க்ரூ பிடிக்காமல் அமுங்கிவிடும். அங்கே மட்டும் நல்ல கெட்டி மரக்கட்டை பதியுங்கள்.

துணி இரண்டு சதுர மீட்டர் போதும். சதுர மீட்டருக்கு 200 கிராம் ரகம் என்றால் துணி 400 கிராம் வரும். கையால் பூசும்போது ரெசினும் ஏறக்குறைய அதே எடைக்குச் செலவாகும். அதனால் ஒரு கிலோ எபாக்சிக்கு மேல் வாங்க வேண்டாம். ஐந்து கிலோ டின் விலையில் லாபமாகத் தெரியும், ஆனால் மிச்சம் காலாவதியாகிக் கிடக்கும். டின்னில் தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குங்கள். கல்லூரி லேப்களில் அதிகம் புழங்கும் எல்ஒய்556 ரெசினுக்கு எச்ஒய்951 ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) எடையில் 100-க்கு 10. நூறு கிராம் கலக்கும்போது ஹார்டனரில் ஒரு கிராம் தவறினாலே பத்து சதவீதப் பிழை. ஆகவே 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று அவசியம். தேய்க்கும்போது போடத் தூசு மாஸ்க், கையுறை, இரண்டிலும் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

பிக்கப் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்), பொட்டென்ஷியோமீட்டர் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகி), ஜாக் எல்லாம் சாதாரணமானவையே போதும், பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கார்பன் மின்சாரம் கடத்தும். பிக்கப் குழியில் கார்பன் தெரிந்தால் அதை எர்த் வயரோடு இணையுங்கள். சிக்னல் வயர் அதில் படவே கூடாது.

கேள்வி: ஆன்லைனில் கார்பன் துணி வாங்கினோம். வந்திருப்பது கறுப்புச் சாயம் போட்ட கண்ணாடி இழையோ என்று சந்தேகம். கடைக்காரரோ “வெட்டிக் கொடுத்த துணியைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரே இழைக்கற்றையில் சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு முனைகளையும் அழுத்துங்கள். கார்பன் என்றால் குறைந்த மின்தடை காட்டும். சாயம் போட்ட கண்ணாடி இழை என்றால் ஓப்பன் சர்க்யூட்தான், மின்சாரமே பாயாது. இழையின் மேல் பூச்சு இருக்கலாம் என்பதால் வெட்டிய ஓரத்திலும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். இதை வீடியோ எடுத்து வையுங்கள், துணியில் ரெசின் தடவாதீர்கள்.

கார்பன் இல்லை என்று உறுதியானால் கடைக்காரரின் பேச்சு செல்லாது. வெட்டிய துணி என்பது உங்களுக்கு மனம் மாறினால் அவர் சொல்லக்கூடிய காரணம். சொன்ன பொருளே வரவில்லை என்னும்போது அதைச் சொல்ல முடியாது. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், வீடியோ மூன்றையும் இணைத்து இன்றே மெயில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியவில்லையா, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.