முதல் புத்தகம்: பதிப்பகத்துக்கு நாம் பணம் கட்டலாமா?

கேள்வி இதுதான். மறதி நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்காகக் கையேடு ஒன்றை ஒரு செவிலியர் எழுதியிருக்கிறார். முதல் புத்தகம். ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிய இரண்டாம் நாளே "உங்கள் படைப்பு எங்கள் ஆசிரியர் குழுவால் தேர்வு செய்யப்பட்டது" என்று பதில் வந்திருக்கிறது. கூடவே ஒரு பேக்கேஜ்: எடிட்டிங், அட்டை, ஐஎஸ்பிஎன், விளம்பரம் எல்லாம் சேர்த்து அவருடைய மூன்று மாதச் சம்பளம் ஆகிறது. பதிலுக்கு 70 சதவீத ராயல்டி, அதாவது விற்பனையில் எழுதினவருக்கு வரும் பங்கு, தருவார்களாம். பதிவுக் கட்டணம் என்று ஒரு தொகையைக் கட்டியும் விட்டார். மீதியைக் கட்டலாமா, கட்டினால் பணம் எப்போது திரும்ப வரும், கட்டாவிட்டால் கொடுத்தது போய்விடுமா என்று கேட்கிறார்.

மீதியைக் கட்டாதீர்கள்.

உங்கள் புத்தகம் விற்கும் என்று நம்பித் தன் பணத்தைப் போடுகிறவர்தான் பதிப்பாளர். அச்சுக்கூலி, எடிட்டர் சம்பளம், அட்டை, கிடங்கு எல்லாம் அவர் செலவு. அந்தப் பணத்தை எடுப்பதற்காகவாவது அவர் புத்தகத்தை விற்றாக வேண்டும். உங்களிடமே செலவையும் லாபத்தையும் முதல் நாளே வாங்கிக்கொண்டவருக்கு அந்தக் கட்டாயம் எங்கிருந்து வரும்? ஒரு பிரதி விற்றாலும் விற்காவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். அவருக்கு வாடிக்கையாளர் வாசகர் இல்லை, நீங்கள்.

பதிப்பகத்திலிருந்து வந்ததாக நீங்கள் எனக்கு அனுப்பிய அந்தக் கடிதத்தைப் படித்தேன். புத்தகத்தின் பெயர் எங்கும் இல்லை. மறதி நோய் என்ற சொல்கூட இல்லை. "ஆழமான பார்வை", "சமூகத்துக்குத் தேவையான நூல்" என்று இருக்கிறது. சமையல் புத்தகத்துக்கும் வரலாற்று நூலுக்கும் இதே கடிதத்தை வரி மாற்றாமல் அனுப்பலாம். 240 பக்கக் கையெழுத்துப் பிரதியை இரண்டு நாளில் ஒரு குழுவே படித்து முடிவெடுக்காது. நிஜமான பதிப்பகத்தில் பதில் வர மாதக்கணக்கில் ஆகும், பல இடங்களில் பதிலே வராது. எழுதுகிறவரை அப்படிக் காக்க வைப்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையது இல்லை. ஒரு வரியில் "வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மௌனத்தில் நொந்துபோனவர்களைத்தான் இந்தப் பேக்கேஜ்காரர்கள் பிடிக்கிறார்கள்.

இதே ஆட்கள் வேறு வேஷத்திலும் வருவார்கள். பணம் வேண்டாம், ஆனால் 200 பிரதியை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பார்கள்; அதுவும் பேக்கேஜ்தான், பெயர்தான் வேறு. பெரிய பதிப்பகத்தின் பெயரில் மின்னஞ்சல் வரும், அனுப்பிய முகவரியைப் பார்த்தால் ஒரு எழுத்து மாறியிருக்கும். படமாக்க உரிமை கேட்கிறார்கள், அதற்கு முன் திரைக்கதைச் சுருக்கம் எழுதக் கட்டணம் கட்டுங்கள் என்பார்கள். எழுதுகிறவருக்காகப் பதிப்பகத்தோடு பேசும் முகவர் என்று சொல்லிக்கொண்டு வாசிப்புக் கட்டணம் கேட்பார்கள். ஒழுங்கான முகவர் உங்களுக்கு வரும் பணத்திலிருந்துதான் தன் பங்கை, பெரும்பாலும் 15 சதவீதம், எடுத்துக்கொள்வார், முன்னால் எதுவும் கேட்க மாட்டார். காப்புரிமை (காபிரைட்) வாங்கித் தருகிறோம் என்பது இன்னொன்று. இதற்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில், அதாவது உலகின் பெரும்பாலான நாடுகளில், நீங்கள் எழுதிய நிமிடமே காப்புரிமை உங்களுடையது, யாரும் வாங்கித் தர வேண்டியதில்லை. ஐஎஸ்பிஎன் என்பதும் உரிமைப் பத்திரம் அல்ல. புத்தகத்தை அடையாளம் காட்டும் 13 இலக்க எண், அவ்வளவுதான். அதற்குள்ளேயே பதிப்பாளரின் அடையாளமும் இருப்பதால், அவர்கள் எண்ணில் வெளியான புத்தகத்தை நாளைக்கு வேறு இடத்தில் போட்டால் அந்த எண் புத்தகத்தோடு கூடவே வராது.

சரி, பணம் கொடுத்துப் புத்தகம் போடுவதே தப்பா என்றால், ஒரு சந்தர்ப்பத்தில் தப்பில்லை. வாங்கப் போகிறவர்கள் ஏற்கெனவே உங்கள் கண்முன் இருந்தால் போடலாம். நீங்கள் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பதாக எழுதியிருப்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்கள் கையில் புத்தகத்தை நீங்களே கொடுத்து விற்க முடியும் என்றால், உங்களுக்குத் தேவை பதிப்பாளர் இல்லை. ஒரு எடிட்டர், பக்கம் வடிவமைப்பவர், அச்சகம், இந்த மூன்று பேர் போதும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விலை கேளுங்கள். ஐஎஸ்பிஎன்னை உங்கள் பெயரில் வாங்குங்கள். அச்சுக்குப் போகும் பிடிஎஃப் மட்டும் போதாது, திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் அட்டைக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டாம் பதிப்பில் ஒரு மருந்தின் பெயரைத் திருத்தக்கூட அதே ஆளிடம் போய் நிற்க வேண்டும். தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் அச்சடிக்கும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் 50 பிரதி மட்டும் அடித்துப் பார்க்கலாம், ஒரு பிரதிக்கு ஆகும் செலவு கூடும், ஆனால் கட்டிலுக்கடியில் ஆயிரம் பிரதி தூங்காது. இதில் ராயல்டி என்ற பேச்சே இல்லை, செலவு போக வருவது எல்லாம் உங்களுடையது. ஆனால் இந்த வழியில் கடைகளுக்குப் புத்தகம் போகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும், ஆள் நீங்கள் ஒருவர்தான்.

அப்புறம் அந்த 70 சதவீதம். எதில் 70 என்று கேளுங்கள். அட்டை விலை, அதாவது புத்தகத்தில் போட்டிருக்கும் விலை, 100 என்று வைத்துக்கொள்வோம். அட்டை விலையில் 10 சதவீதம் என்றால் உங்களுக்கு 10. விற்பனையாளர் கழிவு 50 போக மீதியில் 10 சதவீதம் என்றால் 5. "லாபத்தில் 70" என்றால், கழிவு 50, அச்சு 30, கிடங்கு, தபால், "நிர்வாகச் செலவு" என்று 20 போட்டுவிட்டால் மிச்சம் சைபர், அதில் 70 சதவீதமும் சைபர்தான். ஒப்பந்தத்தில் "அட்டை விலையில்" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உண்மையான பதிப்பாளர் கிடைத்தால் பணம் எப்படி வரும் என்றால், முன்பணம் கொடுப்பவர்கள் அதைப் பெரும்பாலும் பிரித்துக் கொடுப்பார்கள், கையெழுத்தானதும் ஒரு பங்கு, முழுப் பிரதியை ஏற்றுக்கொண்டதும் ஒரு பங்கு, சிலர் வெளியானதும் ஒரு பங்கு. புத்தகம் விற்காவிட்டால் அதைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். உங்கள் ராயல்டி அந்தத் தொகையைத் தாண்டிய பிறகுதான் மேற்கொண்டு வரும். கணக்கு வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வரும், வர வேண்டும் என்று தேதியோடு ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், கணக்குப் புத்தகத்தை நீங்கள் பார்க்கலாம் என்ற வரியும் வேண்டும். எத்தனை பிரதி அடித்தார்கள், எத்தனை விற்றது என்பதை எழுதினவருக்கே சொல்லாத வழக்கம் எத்தனை காலமாக நடக்கிறது! கேட்டால் பேராசைக்காரர் என்ற பெயர் வேறு. கேளுங்கள், அது உங்கள் கூலி.

இன்னொரு வரி, எல்லாரும் விட்டுவிடுவது. "அச்சில் இல்லாதபோது உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்" என்று பழைய ஒப்பந்தங்களில் இருக்கும். இப்போது கேட்டால் ஒரு பிரதி அடித்துத் தரும் வசதி இருப்பதால் எந்தப் புத்தகமும் "அச்சில் இல்லை" என்றே ஆகாது, உரிமையும் திரும்பாது. அதனால் பன்னிரண்டு மாதத்தில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை திரும்பும் என்று எண் போட்டு எழுதச் சொல்லுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றை அவர்கள் செய்யப் போவதில்லை என்றால் அவற்றின் உரிமையைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் புத்தகத்தில் நிஜக் குடும்பங்களின் கதை வருகிறது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது, ஊரும் வேலையும் நோயின் விவரமும் சேர்ந்தால் அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வழக்கு வந்தால் பொறுப்பு ஆசிரியருடையது என்றுதான் பெரும்பாலான ஒப்பந்தங்கள் சொல்கின்றன.

வேறு பதிப்பகங்களுக்கு முழுப் பிரதியை அள்ளி அனுப்ப வேண்டாம். உங்களுடையதுபோலக் கதை அல்லாத நூல்களுக்கு முன்மொழிவு போதும்: இது யாருக்கான புத்தகம், ஏற்கெனவே இருக்கும் நூல்களில் இல்லாதது இதில் என்ன, நீங்கள் ஏன் எழுதுகிறீர்கள், அத்தியாயப் பட்டியல், மாதிரிக்கு இரண்டு அத்தியாயம். உங்கள் செவிலியர் அனுபவத்தையும் வகுப்புக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையையும் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள், எடிட்டர் தேடுவது அதைத்தான்.

கட்டிய பணத்துக்கு வருகிறேன். இன்றைக்கே எழுத்தில் ரத்து செய்யுங்கள், தொலைபேசியில் பேச வேண்டாம், பேசினால் தவணையில் இறக்கிவிடுவார்கள். "என் நூலின் எந்த உரிமையும் உங்களிடம் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள்" என்று அதிலேயே கேளுங்கள், பணத்தைவிட இந்த ஒரு வரி பதில் முக்கியம். வங்கி கார்டில் கட்டியிருந்தால், அந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை என்று உடனே வங்கியிடம் சர்ச்சைப் பதிவு செய்யுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. வந்த செய்திகள் ஒன்றையும் அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஏதாவது அனுப்பினால், அதில் உரிமை பற்றி ஒரு சொல் இருந்தாலும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.