கப்பல் மாலை 5 மணிக்கு, விமானம் எப்போது?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து மாலை 5 மணிக்குக் கிளம்பும் சொகுசுக் கப்பலில் பினாங்கு போய் வருகிறோம். திருவனந்தபுரத்திலிருந்து சென்னை வழியாக, அன்று காலை 11.30க்குச் சிங்கப்பூரில் இறங்கினால் போதுமா?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: போதாது. முந்தைய நாளே போய் இறங்கிவிடுங்கள். 5 மணி என்பது கப்பல் நகரும் நேரம். செக்-இன் கவுன்டரைப் பொதுவாக ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக உங்கள் கெடு 3.30. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனை, பெட்டி, டாக்ஸி என்று இரண்டு மணி நேரம் கழியும். மிச்சம் இரண்டு மணி நேரம்தான். சென்னையில் இணைப்பு விமானம் தவறினால் அதுவும் போச்சு. பெட்டி அடுத்த விமானத்தில் வந்தாலும் இதே கதிதான். ஆகவே மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி கைப்பையிலேயே இருக்கட்டும்.

இரண்டு விமானங்களையும் ஒரே பி.என்.ஆரில் எடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டால் மாற்று இடம் தரும் கடமை யாருக்கும் இல்லை.

வீட்டிலிருந்து விமான நிலையம் சுமார் 40 கி.மீ.தான். ஆனால் களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பலரும் கோட்டைவிடுவது விசாவில். பினாங்கு போய்த் திரும்பும்போது சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைகிறீர்கள். பலமுறை நுழையும் விசாதான் வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை (SG Arrival Card) இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்புங்கள், கட்டணம் இல்லை.

திரும்பும் நாளில் கப்பல் காலை 7க்கு வந்தாலும் இறங்க 10 ஆகலாம். பிற்பகல் 2க்கு முன் விமானம் வேண்டாம்.